காலபோகக் கணக்குக் கொப்பி: வன்னியில் வயல் செய்யும் பெண்கள் வரவு செலவை எழுதிவைக்கும் முறை

மாசி மாதத்தில் காலபோகத்தின் (மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தின்) அரிவுவெட்டு முடிந்து நெல் விற்ற பின்னர், இந்தப் போகத்தில் என்ன மிஞ்சியது என்று கேட்டால், "கடனைக் கட்டிப்போட்டன், சாப்பாட்டுக்கு நெல்லுக் கிடக்கு" என்பதே இலங்கையின் வடக்கே வன்னியில் தனியாக வயல் செய்யும் பெண்களிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில் ஒரு தொகைகூட இல்லை. நெல் வாங்கிய வியாபாரியிடம் துண்டு இருக்கிறது, கடன் கொடுத்த நிறுவனத்திடம் அட்டை இருக்கிறது, உழவு இயந்திரக்காரரிடம் மணிக்கணக்கு இருக்கிறது. வயலுக்குரியவளிடம் மட்டும் எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வைத்து, ஒரு போகத்தின் கணக்கை முழுமையாக எழுதி முடிப்பது எவ்வாறு என்பதை இங்கே விளக்குகிறேன்.

கொப்பியின் முதல் இரண்டு பக்கங்களைக் காசுக்கு ஒதுக்கவேண்டாம். எந்தப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை எழுதுவதற்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வயல் அனுமதிப்பத்திரம் யாருடையது, கமநல சேவை நிலையத்தில் (விவசாயிகளுக்கான அரச அலுவலகத்தில்) பயிர்ச்செய்கையாளராகப் பதியப்பட்டிருப்பவர் யார், உர மானியம் எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது, கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம் யாருக்கு இருக்கிறது என்ற நான்கையும் எழுதிப் பாருங்கள். வேலை முழுவதையும் நீங்கள் செய்துவர, நான்கிலும் தகப்பன், சகோதரன், அல்லது இறந்துபோன கணவன் பெயரே நிற்பதைக் காண்பீர்கள். வயலில் நீங்கள் நின்றாலும் பதிவில் வேறொருவர் நின்றால் மானியம், காப்புறுதி, நட்டஈடு எல்லாம் பதிவிலுள்ள பெயரைத் தேடியே போகும். ஆகையால் விதைப்புக்கு முன்னரே கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, பயிர்ச்செய்கையாளர் பெயரை உங்களுடைய பெயருக்கு மாற்றக் கேட்பதை இந்தக் கொப்பியின் முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

காணி விடயத்தில் இன்னொரு படி இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை (தமக்குப் பின் காணியைப் பெறவேண்டியவரை) நியமிக்காமல் இறந்தாலும், வாழ்க்கைத் துணைக்கு அக்காணியை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை உண்டு. ஆனால் இறப்பு நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குள் காணியை உடைமையில் எடுத்திருக்கவேண்டும். அவருக்குப் பிறகு யார் என்ற வரிசையில் நெடுங்காலம் மகளுக்கு முன்பாக மகனே நின்றான். அந்தப் பாகுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. பின்னுரித்தாளர் பெயர் உங்கள் பத்திரத்தில் பதியப்பட்டுள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்டு, பதிலையும் கேட்ட திகதியையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு இந்தப் பக்கத்தை நிரப்புவது எவ்வளவு வேதனையானது என்பதை அறிவேன். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழங்கும் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கோரலாம். அவர் இறந்துவிட்டார் என்று எங்கும் ஒப்புக்கொள்ளாமலே, காணி, வங்கி, உதவித் திட்டம் தொடர்பான கருமங்களை நடத்த அது வழிசெய்கிறது.

மூன்றாம் பக்கத்திலிருந்து செலவு. உழவு, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டும் இயந்திரம், சாக்கு, ஏற்றுக்கூலி ஆகியவற்றை எல்லோரும் மனக்கணக்கிலாவது வைத்திருக்கிறார்கள். விடுபடுவது இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்து எடுத்த பொருள்: போன போகத்து நெல்லையே விதைத்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் (நெல் அளக்கும் அளவு) என்று கொண்டு அதன் அன்றைய சந்தை விலையைச் செலவாக எழுதவேண்டும். மற்றது, உங்கள் உழைப்பு. இதை எழுதச் சொன்னால் கூச்சப்படாத பெண்ணை நான் கண்டதில்லை. "என்ர வயலில நான் நிக்கிறதுக்கு ஆர் கூலி தாறது?" என்று கேட்பார்கள். நீங்கள் நோயில் படுத்தால் அந்த வேலைக்கு ஒருவரைப் பிடித்துக் கூலி கொடுத்தாகவேண்டும் அல்லவா? அந்தக் கூலியே உங்கள் உழைப்பின் விலை.

எழுதும் முறை எளிது. ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு வரி: திகதி, வேலை, முழு நாளா அரை நாளா. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போய் மத்தியானம் சமைக்கத் திரும்பினால் அது அரை நாள்; அதையும் எழுதுங்கள். களை பிடுங்கியது, வெளித்த இடங்களில் நாற்று நிரப்பியது, தண்ணீர் கட்டியது, கட்டாக்காலி மாட்டுக்கும் மயிலுக்கும் காவல் நின்றது எல்லாம் வேலையே. கூலியை எந்த வீதத்தில் எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வரம்பு வெட்டுதல், மருந்தடித்தல் போன்று, நீங்கள் செய்யாவிட்டால் ஓர் ஆணைக் கூப்பிட்டிருப்பீர்கள் என்ற வேலைகளுக்கு ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே எழுதவேண்டும். ஒரே வயலில் ஒரே நேரம் வேலை செய்தும் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கம் அநீதியானது. உங்கள் சொந்தக் கொப்பியிலாவது அது தொடரக்கூடாது. ஓர் ஏக்கரில் உங்கள் உழைப்பு 30 நாள், கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்; 60,000 ரூபா. நெல் விற்றதில் 40,000 மிஞ்சியது என்று மகிழ்ந்த போகம், உண்மையில் 20,000 ரூபா குறைவாகவே உங்களுக்குக் கூலி கொடுத்த போகம் என்பது அப்போதுதான் தெரியவரும். அது தெரிந்தால், அடுத்த போகத்தில் அந்த ஏக்கரை நெல்லுக்கு விடுவதா, மேட்டுநிலமாயின் கச்சானோ உழுந்தோ போடுவதா, குத்தகைக்குக் கொடுப்பதா என்பதை எண்ணை வைத்துத் தீர்மானிக்கலாம்.

கடனுக்குத் தனிப் பக்கம் வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னரே இதை எழுதுங்கள். 60,000 ரூபாவை ஒரு வருடத்துக்கு, 24 வீத நேர்வட்டியில், 52 கிழமைத் தவணைகளில் கட்டுவதாக எடுத்துக்கொள்வோம். வட்டி 14,400, மொத்தம் 74,400, கிழமைக்கு ஏறத்தாழ 1,431 ரூபா. ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழுத் தொகைக்கே அறவிடப்படுவதால், குறைந்துசெல்லும் மீதியில் கணித்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 44 வீதம் அளவில் வரும். "இது நேர்வட்டியா, குறைந்துசெல்லும் மீதிக்கான வட்டியா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை அலுவலர் முன்னிலையிலேயே எழுதுங்கள்.

ஆயினும் வயல் செய்யும் பெண்ணை வட்டியைவிட ஆழமாக வெட்டுவது தவணையின் காலம். மூன்றரை மாத நெல்லை ஐப்பசியில் விதைத்தால், வெட்டிக் காயவைத்து விற்க 16 கிழமைகளாவது செல்லும். ஒரு நெல்மணி வீட்டுக்கு வருமுன் 16 தவணைகள், அதாவது ஏறத்தாழ 23,000 ரூபா, வேறெங்கிருந்தோ வந்தாகவேண்டும். அது கூலி வேலையிலிருந்து வந்தால் உங்கள் வயலில் களை நிற்கும். இன்னொரு நிறுவனத்திலிருந்து வந்தால் கடன் இரண்டாகும். இத்தகைய சிறுகடன் நிறுவனங்களுக்கான நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது; அதன் பின்னரும், வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலையும் வந்தது. பயிருக்கான கடனென்றால், அறுவடைக்குப் பிறகு திருப்பிச் செலுத்தத்தக்க பயிர்ச்செய்கைக் கடனை வங்கியில் முதலில் கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியையும் கேளுங்கள். கிழமைத் தவணைக் கடனை, முட்டை, பால், தையல் போன்று கிழமைதோறும் காசு வரும் தொழிலுக்கு மட்டும் எடுப்பது பொருந்தும். கடன் யாருடைய தேவைக்கு எடுக்கப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். வீட்டு ஆண்களின் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த கடன் வயலின் செலவாகக் கணக்கில் ஏறிவிடக்கூடாது.

போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பின் கடைசித் திகதி, மாடுகளை அகற்றும் திகதி ஆகியன அங்கேயே முடிவாகின்றன; பிந்தி விதைத்தவருடைய அழிவுக்குக் கோரிக்கை வைப்பது கடினம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு வயல்கள் மூழ்கியதைப் போன்ற அழிவு நேர்ந்தால், நீர் வற்றக் காத்திராமல் கைத்தொலைபேசியில் படமெடுத்து, கமநல சேவை நிலையத்தில் உடனே அறிவித்து, அறிவித்த திகதியை எழுதுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் விலையை மட்டும் எழுதினால் போதாது. இயந்திரத்தால் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். வயற்கரையிலேயே வாங்கும் வியாபாரி, ஈரத்துக்கும் சாக்குக்குமென மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். நிறுத்த கிலோ, கழித்த கிலோ, காசு கொடுத்த கிலோ என மூன்று நிரல்கள் போடுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்ப்பது 14 வீத ஈரப்பதன். இரண்டு மூன்று நாள் காயவைக்க இடமும் காவலும் இருக்குமானால், கழிவில் போவது எவ்வளவு, காயவைக்கும் கூலி எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விற்குமுன் வீட்டுக்குரியதைப் பிரித்துவிடவேண்டும். 100 கிலோ நெல்லை அவித்துக் குற்றினால் 65 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். மாதம் 40 கிலோ அரிசி உண்ணும் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு 370 கிலோ நெல் வேண்டும். கடன்காரருக்குப் பயந்து மாசியில் அதையும் விற்றவர்கள் ஆவணியில் அதே அரிசியைக் கடையில் கூடிய விலைக்கு வாங்குவதை ஆண்டுதோறும் காண்கிறேன். ஒதுக்கிய நெல்லையும் விதைநெல்லையும் அன்றைய விலையில் வரவாக எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தில் வரவின் கூட்டுத்தொகை, உங்கள் கூலி நீங்கலான செலவு, உங்கள் கூலி, கடன் மீதி ஆகிய நான்கு தொகைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, சங்கத்தில் நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு கூட்டலைச் சரிபாருங்கள். அடுத்து வரும் சிறுபோகத்துக்கான (கோடைப் போகத்துக்கான) பயிர்ச்செய்கைக் கூட்டம் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் வரும். குளத்தில் நீர் குறைவாக இருந்து விதைப்பு ஏக்கர்கள் பங்கிடப்படும் ஆண்டென்றால், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே போங்கள்.