விஷன், மிஷன் எழுதும்போது பல்கலைக்கழகங்கள் சறுக்கும் இடங்கள்

எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்துக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய பலகை கண்ணில் படும். மேலே 'விஷன்' (தொலைநோக்கு), கீழே 'மிஷன்' (நோக்கம்). உலகத் தரம், புத்தாக்கம், ஆளுமை வளர்ச்சி, சமூகப் பொறுப்பு என்று வரிசையாக இருக்கும். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் அது காரைக்குடியா, வேலூரா, சேலமா என்று சொல்ல முடியாது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த வாசகத்தையும், அதையொட்டிய 5 ஆண்டுத் திட்டத்தையும் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கீழே சொல்லும் தவறுகளில் சில நாங்களே செய்தவை.

இதெல்லாம் சம்பிரதாயம்தானே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் துறைக்கு ஆசிரியர் பணியிடம் கேட்பது, எந்தப் படிப்பை நிறுத்துவது, கட்டணத்தை எவ்வளவு உயர்த்துவது என்று ஆண்டுதோறும் இழுபறி வருகிறது. அந்த நேரத்தில் 'நாம் யாருக்காக இருக்கிறோம்' என்பதற்கு எழுத்தில் ஒரு பதில் இல்லையென்றால், அன்றைக்கு யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் சொல்வதுதான் முடிவு.

பெரும்பாலான குழுக்கள் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்காருகின்றன. அங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. தனியார் நிறுவனம் தன் நோக்கத்தைத் தானே முடிவு செய்துகொள்ளலாம். மாநிலப் பல்கலைக்கழகம் அப்படியல்ல, அது சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் பிறந்தது. அந்தச் சட்டத்திலேயே அதன் நோக்கங்களும் அதிகாரங்களும் எழுதப்பட்டிருக்கும். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-ல் வந்தது தமிழாய்வுக்காக. கொடைக்கானலில் 1984-ல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது பெண்களின் உயர்கல்விக்காக. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், 2012-ல் மீன்வளத்துக்கென்று நாகப்பட்டினத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கோரிக்கையும் ஒரு தேவையும் இருந்தன. குழுவின் முதல் கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டியது அந்தச் சட்டப் புத்தகம்தான். எங்கள் குழுவில் அதை மூன்றாவது கூட்டத்தில்தான் பதிவாளர் அலுவலக அலமாரியிலிருந்து எடுத்தோம். 'இணைவுக் கல்லூரிகளின் கற்பித்தல் தரத்தை உயர்த்துவது' என்ற பொருளில் அதில் ஒரு பிரிவு இருந்தது. நாங்கள் அதுவரை எழுதிய இரண்டு பக்கத்தில் இணைவுக் கல்லூரி என்ற சொல்லே இல்லை. எங்கள் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது அங்கேதான்.

சட்டத்தில் உள்ள நோக்கம் சும்மா கிடக்கும் வாசகம் அல்ல என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் நோக்கம் அந்த மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. அறிவை வளாகத்துக்கு வெளியே உள்ள மக்களிடம் கொண்டுபோவது, மனித வாழ்வை மேம்படுத்துவது என்றெல்லாம் சொல்லிவிட்டு, இந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை உண்மையைத் தேடுவது என்று முடிக்கிறது. 2015 பிப்ரவரியில் அப்போதைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த பட்ஜெட் மசோதாவில் இந்த வரிகள் நீக்கப்பட்டிருந்தன. மாநிலத்தின் தொழிலாளர் தேவையை நிறைவு செய்வது என்ற வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. விஷயம் வெளியே வந்ததும் பேராசிரியர்கள், பழைய மாணவர்கள், பொதுமக்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. மசோதாவை எழுதும்போது நேர்ந்த பிழை என்று சொல்லி ஆளுநர் பின்வாங்கினார். அங்கே பல்கலைக்கழகத்தின் பணி மாநிலத்தின் எல்லைவரை நீள வேண்டும் என்ற எண்ணம் நூறாண்டுக்கு மேலாக மக்களிடம் ஊறியிருக்கிறது. அதனால்தான் சில வரிகள் காணாமல் போனது உடனே தெரிந்தது. நம் பல்கலைக்கழகம் ஒன்றின் நோக்கத்திலிருந்து இரண்டு வரியை எடுத்துவிட்டால் யாருக்காவது தெரியுமா? இந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் உறுத்தலாக இருக்கிறது.

அடுத்தது, பிறரைப் பார்த்து எழுதுவது. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் தேதி நெருங்கிவிட்டது, சுய மதிப்பீட்டு அறிக்கையை ஏற்ற வேண்டும், நேரமில்லை. எங்கள் கூட்டத்தில் டீயும் வடையும் வந்து ஆறிக்கொண்டிருக்க, ஒருவர் மடிக்கணினியில் நாலைந்து பல்கலைக்கழகங்களின் வாசகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல வரிகளாகப் பொறுக்கினார். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்த்தபோது 'கடலோரச் சமூகங்களின் மேம்பாடு' என்று ஒரு இலக்கு இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் 200 கிலோமீட்டர். நான்கு பேர் படித்து ஒப்புதல் தந்த பக்கம் அது. யாரும் அதை நோக்கம் என்று நினைத்துப் படிக்கவில்லை, நிரப்ப வேண்டிய கட்டம் என்று நினைத்துத்தான் படித்திருக்கிறோம்.

கடல் என்றால் கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத காப்பிதான் ஆபத்து. தேசிய கல்விக் கொள்கை 2020, உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை, அதாவது கல்லூரி வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்ட மாணவர் எண்ணிக்கையை, 2035-க்குள் 50 சதவீதம் ஆக்க வேண்டும் என்கிறது. இதை அப்படியே தங்கள் இலக்காகப் போட்டுக்கொண்ட திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவின் விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. இந்தியா முழுமைக்கும் அது பெரிய தாவல்தான், நமக்கோ அது எட்டிவிடும் தூரம். நம் கேள்வி வேறு: சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கிறார்களா, எத்தனை பேர் அரியர் வைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டோடு காணாமல் போகிறார்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு முதல் பருவத்தில் யார் கை கொடுக்கிறார்கள்? இலக்கு எழுதும் முன் நம் தேர்வுப் பிரிவில் இருக்கும் எண்களை எடுத்துப் பார்த்தாலே போதும், வெளியே தேட வேண்டாம்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். போன்ற தரவரிசையையே நோக்கமாக ஆக்கிவிடுவது இன்னொரு தவறு. 'என்.ஐ.ஆர்.எஃப்.-இல் முதல் 50-க்குள் வருவது' என்று எழுதுவது சுலபம், அளக்கவும் வசதி. ஆனால் அந்த 100 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆய்வுக்கு 30, மாணவர் தேர்ச்சிக்கு 20, மற்றவர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்புக்கு 10. பெண்கள், ஏழை மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கு மீதி 10. அந்த 10-க்குள்ளும் வேறு மாநில, வேறு நாட்டு மாணவர் எத்தனை பேர் என்பதற்கு ஒரு பங்கு போய்விடுகிறது. சுற்றியுள்ள நாலு மாவட்டப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அந்த இடத்தில் மதிப்பெண் குறையத்தான் செய்யும். தரவரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும், ஆனால் உடம்பை அதற்காக வளர்ப்பதில்லை.

எல்லாவற்றையும் செய்வோம் என்று எழுதுவதும் இதோடு வருவதுதான். ஒவ்வொரு துறைத்தலைவரும் தன் துறை விட்டுப்போகக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பார். மறுத்தால் மனக்கசப்பு. கடைசியில் 23 இலக்குகள் வந்து நிற்கும். கலிபோர்னியா 1960-ல் செய்தது நேர் எதிர். மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூன்று அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எது வேலை, எது வேலை இல்லை என்று சட்டத்தில் எழுதினார்கள். ஆய்வும் முனைவர் பட்டமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, பள்ளி முடித்தவர்களில் தகுதி வரிசையில் முதல் எட்டில் ஒரு பங்கினர் அங்கே. முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். சமுதாயக் கல்லூரிகளின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு, ஆனால் 'இது எங்கள் வேலை இல்லை' என்று சொல்லும் துணிச்சல் அதில் இருந்தது.

நம் பக்கத்திலேயே கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. கற்பித்தல், ஆராய்ச்சி, அந்த ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டுபோகும் விரிவாக்கம் என்று அதன் வேலை மூன்றுதான். டெல்டாவில் நாற்று விடும் விவசாயி அதன் விஷன் பலகையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் விதைக் கடையில் நின்று 'ஆடுதுறை 43 இருக்கா, கோ 51 இருக்கா' என்று கேட்கிறார். விரிவாக்கம் என்ற நோக்கம் அவர் வாயில் அந்தப் பல்கலைக்கழகம் தந்த நெல் ரகத்தின் பெயராக வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, நோக்கத்தை நன்றாகவே எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஐந்தாண்டு இலக்குகள். இங்கேதான் காசும் ஆளும் இல்லாத வரிகள் குவிகின்றன. 'ஆய்வின் தரம் உயர்த்தப்படும்' என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் யார் உயர்த்துவது என்று கேட்க முடியாது. ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் பொறுப்பாளரின் பதவி, முதல் ஆண்டுக்கான தொகை, அந்தத் தொகை பட்ஜெட்டின் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்ற மூன்றும் வர வேண்டும். நிதி அலுவலரைக் கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடுவது பெரிய பிழை. ஓய்வூதியத்துக்கே திணறும் பல்கலைக்கழகத்தில் புது ஆய்வு மையம் பற்றி எழுதும் முன் அவர் தலையை ஆட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் வழக்கமாக 3 ஆண்டுகள். 5 ஆண்டுத் திட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவரோடு அதுவும் வீட்டுக்குப் போய்விடும். அதனால் திட்டத்தை ஆட்சிக்குழுவின் தீர்மானமாக்கி, ஆண்டுக்கு ஒரு கூட்டமாவது அதைப் பற்றி மட்டும் பேசுவது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எங்கள் வரைவைப் பிரிவு அலுவலகங்களுக்கு அனுப்பியபோது, சான்றிதழ் பிரிவில் இருந்த ஒரு அம்மா அதை முழுதாகப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "சார், இதுல எங்க செக்ஷன் எங்க சார் வருது?" எங்களிடம் பதில் இல்லை. அவர் கவுண்டருக்கு வெளியே தினமும் வரிசை நிற்கும். தற்காலிகச் சான்றிதழுக்காக மூன்றாவது முறை பஸ் ஏறி வந்த பெண், வேலைக்குச் சேரும் கடைசித் தேதி எழுதிய கடிதத்தைக் கையில் மடித்து வைத்திருப்பாள். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் என்பது அந்தக் கவுண்டர்தான். 'மாணவர் மைய நிர்வாகம்' என்ற எங்கள் வரியை அடித்துவிட்டு, முடிவு வெளியான எத்தனை நாளில் சான்றிதழ் கைக்கு வரும் என்ற எண்ணை அவரையே கேட்டு எழுதினோம். தனக்கு இன்னும் 2 ஆள், ஒரு அச்சு இயந்திரம் வேண்டும் என்றார். அதுவும் திட்டத்தில் ஏறியது.

கடைசியாக, இவை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது. பெற்றோர், ஊழியர்கள், கல்லூரி மாணவர்களில் பலர் அதைப் படிக்கவே போவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு எழுதுபவர்களுக்குத்தான். ஆங்கிலத்தில் கம்பீரமாகத் தோன்றும் வரியைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். 'உலகளாவிய போட்டித்திறன்' என்று எங்கள் பெரிய பேராசிரியர் ஒருவர் தமிழாக்கிப் படித்தார். பக்கத்திலிருந்தவர், "யார், யாரோட, எதுக்குப் போட்டி போடணும்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு ஒவ்வொரு வரியையும் அப்படியே தமிழில் வாய்விட்டுப் படித்து, கேள்விக்கு நின்றதை மட்டும் வைத்துக்கொண்டோம். 11 வரிகளில் 5 மிஞ்சின. அந்த ஐந்தைத்தான் ஆட்சிக்குழுவுக்கு அனுப்பினோம்.