அமெரிக்காவில் டிப்ஸ்: குறைத்து வைப்பதும் தவறு, கூடாத கையில் வைப்பதும் தவறு

அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதலில் தவறுவது ஹோட்டல் சாப்பாட்டு மேசையில். ஊரில் பில்லோடு இருபது ரூபாய் வைத்து எழுந்த பழக்கத்தில், 60 டாலர் பில்லுக்கு 2 டாலர் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். பரிமாறுபவருக்கு அது பெரிய அடி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது உயரவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனால் அங்கேயும் 15 முதல் 20 சதவீதம் வைப்பதே வழக்கம். வரி சேர்க்காத தொகைக்குக் கணக்கிட்டால் போதும்.

கூட்டமாகப் போனால் பில்லை ஒருமுறை படியுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் பல இடங்களில் 18 சதவீதத்தை அவர்களே சேர்த்திருப்பார்கள். பீட்சா பில்லில் இருக்கும் டெலிவரி கட்டணத்தை டிப்ஸ் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது கொண்டு வந்தவர் கைக்குப் போவதில்லை. தபால்காரருக்குப் பணமே கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மிகாத பரிசுப்பொருள் தரலாம்.

இனி வீடு வாங்கும் கதை. பத்திரப்பதிவு முடிந்ததும் எழுத்தர், உதவியாளர் என்று ஆளாளுக்கு ஏதாவது கொடுத்துப் பழகியவர்கள் நாம். என் முதல் வீட்டின் க்ளோசிங் (கையெழுத்துப் போட்டு வாங்குவதை முடிக்கும் நாள்) அன்று, கையெழுத்துகளைப் பொறுமையாக வாங்கிய டைட்டில் கம்பெனி (வீட்டு உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் நிறுவனம்) அம்மாவிடம் நன்றியோடு ஒரு கவரை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "இதை நான் வாங்கக் கூடாது" என்று மெல்லத் திருப்பித் தந்தார். அவருடைய உழைப்புக்கான கட்டணம், மூன்று வேலைநாள் முன்பே எனக்கு வந்த க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற செலவுப் பட்டியலில் இருந்தது. ஏஜென்டுக்குக் கமிஷன், லோன் ஆபீசருக்கு அவர் நிறுவனம் தரும் ஊதியம், நோட்டரிக்குக் கட்டணம். இவர்கள் யாருக்கும் டிப்ஸ் வழக்கமில்லை.

வீட்டுக்கு விலை மதிப்பிட வரும் அப்ரைசரிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர் யார் பக்கமும் சாயக் கூடாது என்பது சட்டம். அவரிடம் பணம் நீட்டினால் விலையை மாற்றச் சொல்வதாகவே படும். தண்ணீர் கொடுங்கள், போதும்.

அப்புறம், "நண்பரை எங்களிடம் அனுப்புங்கள், உங்களுக்குப் பணம் தருகிறோம்" என்று லோன் தரப்பிலோ டைட்டில் தரப்பிலோ சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கடன் சேவைகளுக்கு ஆள் அனுப்பிக் காசு வாங்குவதை 1974-இல் வந்த ரெஸ்பா (RESPA) என்ற மத்திய சட்டம் தடுக்கிறது.

சாமான் ஏற்றி இறக்குபவர்கள் வேறு. மாடிப்படியில் சோபாவைத் தூக்கியவர்களுக்கு ஆளுக்கு 20, 40 டாலர் என்று ரொக்கமாக, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

அந்த டைட்டில் கம்பெனி அம்மாவுக்கு, மறுவாரம் அவருடைய மேலாளருக்கே பெயர் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகம் முழுக்கப் பகிர்ந்து சாப்பிட ஒரு பெட்டி மைசூர்பாகும் அனுப்பினேன். அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள்.