மேகம் சூழ்ந்த மலையூரில் சூரிய வெந்நீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "மேகமாக இருந்தால் வேலை செய்யுமா?" என்பதைத்தான். கேள்வி நியாயமானதே. ஆனால் குளிர் மிகுந்த மாதங்களும் மேகம் மிகுந்த மாதங்களும் ஒன்றே என்ற தவறான எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உதகையில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென்மேற்குப் பருவமழையின்போது. குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். உதகையை அடுத்த தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளை விரிக்கும் டிசம்பர், ஜனவரியிலோ பகலில் பெரும்பாலும் நல்ல வெயில் அடிக்கும். இரவு வானில் மேகம் இல்லாததால்தான் உறைபனியே படிகிறது. ஆகவே நாம் வாங்கும் கருவி, வெயிலும் உறைபனியும் உள்ள ஒரு பருவத்தையும், உறைபனி இல்லாமல் வெளிச்சமும் குறைந்த இன்னொரு பருவத்தையும் சமாளிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் பத்து வருடமாக நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதே மாதிரியை இங்கே வாங்குவது அடுத்த தவறு. சமவெளியில் பரவலாக இருக்கும், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் உலோகத் தகடு வைத்த தட்டைத் தகட்டு வகை உறுதியானது, பழுது பார்க்கவும் எளிது. ஆனால் அது தான் வாங்கிய வெப்பத்தைக் கண்ணாடி வழியாகவே திருப்பிக் கொடுத்துவிடும். தெளிந்த நடுப்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கதிர்வீச்சு விழுகிறது. அடர்ந்த மேகத்தின் கீழ் அது 100 முதல் 200 வாட்டாகச் சுருங்கிவிடும். 150 வாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், தகடு உறிஞ்சுவது ஏறக்குறைய 110 வாட். வெளிக்காற்று 18 டிகிரியாகவும் உள்ளே நீர் 45 டிகிரியாகவும் இருக்கும்போது, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு நான்கைந்து வாட் வீதம் அது இழப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வரவும் செலவும் சரியாகி, நீர் சூடேறாமல் நின்றுவிடும். இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்றை நீக்கிய வெற்றிடக் குழாய்களில் இந்த இழப்பு பாதிக்கும் குறைவு; அதே வெளிச்சத்தில் அவற்றில் கொஞ்சமாவது மிச்சம் நிற்கும். மேகமூட்டமான ஊரில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட, பிடித்ததில் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படி வாங்கினாலும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் "100 லிட்டர்" என்ற எண்ணை எல்லா நாளுக்கும் உரிய வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) வெப்பம் 100 லிட்டர் நீரை 8.6 டிகிரி உயர்த்தும். 15 டிகிரியில் வரும் குழாய் நீரைக் குளிக்கத் தக்க 45 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் வேண்டும். முழுக்க மேகம் மூடிய நாளில் பத்து வெற்றிடக் குழாய்கள் கொண்ட அமைப்பு ஒரு யூனிட் கொடுத்தாலே பெரிது. நீர் 23 டிகிரிக்கு வந்து நிற்கும். கையை வைத்துப் பார்ப்பவர் "வேலையே செய்யவில்லை" என்று சொல்லிவிடுவார், ஆனால் தேவையில் கால் பங்குக்கு மேல் அப்போதே இலவசமாகக் கிடைத்திருக்கிறது. இந்தக் குறையைச் சரிசெய்ய, சிலர் வெற்றிடக் குழாய்களை இரட்டிப்பாக்குகிறார்கள். மழைக்காலத்தில் அதனால் கிடைப்பது சொற்பம். ஜனவரியில் நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், தொட்டி கொதித்து, காற்று போய்வர அதன் மேல் வைத்திருக்கும் காற்றுக்குழாய் வழியே நீராவி கக்கிக்கொண்டிருக்கும்.

மீதியைத் துணைச் சூடேற்றிதான் தர வேண்டும். அதை எப்போது இயக்குவது என்பதில் நானே இரண்டு மழைக்காலங்களை வீணாக்கினேன். தொட்டிக்குள் இருந்த 2 கிலோவாட் மின்சூடேற்றுக் காயிலின் தெர்மோஸ்டாட்டை (வெப்ப அளவைக் கட்டுப்படுத்தும் பாகத்தை) 60 டிகிரியில் வைத்து, சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தேன். காலையில் எல்லோரும் குளித்து முடித்ததும் தொட்டிக்குள் புதுத் தண்ணீர் இறங்கும். எட்டு மணிக்குள் காயில் அதை மறுபடியும் சூடாக்கிவிடும். பத்து மணிக்கு மேகம் சற்று விலகி வெளிச்சம் வரும்போது சூரியனுக்கு அங்கே வேலையே இருக்காது. இரவு முழுவதும் ஆறும் வெப்பத்துக்கும் சேர்த்து மின்சாரம் ஓடும். கருவி பழுது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு டைமர் வாங்கி, விடியற்காலை 4.15க்குத் தொடங்கி 5.35க்கு நிற்குமாறு வைத்தேன். 23 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரை 45க்கு உயர்த்த இரண்டரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். அதற்கு அந்தக் காயிலுக்கு ஆகும் நேரம் அவ்வளவுதான். மாலையில் குளிக்கும் வீட்டார் பொழுது சாய்ந்த பிறகு இயக்கலாம். சூரியன் தன் பங்கைச் செய்து முடிப்பதற்கு முன்னால் மின்சாரம் நுழையக் கூடாது, அவ்வளவே.

இந்தச் சிக்கனத்தை எல்லை மீறிக் கொண்டுபோவதும் ஆபத்து. வெதுவெதுப்பான நீர் தொட்டியில் நாள்கணக்கில் தேங்கினால், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அதில் பெருகலாம். 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய கொடிய நிமோனியாவை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட கிருமி அது. மேகமூட்டமான வாரங்களில் சூரியனால் மட்டும் அதைக் கொல்லும் வெப்பத்தைத் தர இயலாது என்பதால், வாரம் ஒரு முறையாவது காயிலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுவருவது நல்லது. அன்று குழந்தைகளும் முதியவர்களும் குழாயை நேரடியாகத் திறக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும்.

வெந்நீர்க் குழாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. கூரையிலிருந்து குளியலறை வரை 18 மீட்டர் ஓடும் முக்கால் அங்குலக் குழாய்க்குள் ஐந்தரை லிட்டர் நீர் நிற்கிறது. குழாயைத் திறந்ததும் முதலில் வருவது இந்த ஆறிய நீர்தான். வாளியின் கால் பகுதி நிறையும் வரை விரல்கள் மரத்துப் போகும். அதன் பிறகுதான் சூடு வரும். குளித்து முடித்து மூடும்போது, அதே ஐந்தரை லிட்டர் வெந்நீர் குழாய்க்குள் சிக்கி ஆறத் தொடங்கும். நான்கு பேர் நான்கு வெவ்வேறு நேரங்களில் குளித்தால் 100 லிட்டரில் இருபதுக்கு மேல் இப்படியே போய்விடும். அடுத்தடுத்துக் குளிப்பதற்குக் காசு செலவில்லை. குழாய்க்கு நுரை உறை போடுபவர்கள் அதை வெயிலுக்குத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். அது வெடித்து, மழைநீரைக் குடித்துப் பயனற்றுப் போகும். எங்கள் பக்கத்தில் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை, குரங்குகள் முந்திக்கொள்ளும். உறைக்கு மேல் அலுமினியத் தகடோ பெரிய பிளாஸ்டிக் குழாயோ மாட்டிவிட வேண்டும்.

உறைபனி இரவுகளில் வேறொரு கணக்கு. தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுவதால், காற்று பூச்சியத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருக்கும்போதே தட்டைத் தகட்டின் செம்புக் குழாய்க்குள் நீர் உறைந்து, குழாய் பிளக்கலாம். தொட்டியின் அடிப்பகுதி தகட்டின் மேல் விளிம்பைவிட ஓர் அடியாவது உயரத்தில் இல்லாவிட்டால், இரவில் நீரோட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த சூட்டை வானத்துக்கே அனுப்பிவிடும். இவற்றையெல்லாம்விட மோசமானது, சொட்டுகிறதே என்று காற்றுக்குழாயின் வாயை மூடிவிடுவது. தொட்டியிலிருந்து நீர் இறங்கும்போது காற்று உள்ளே வர வழியில்லையென்றால் உட்புறத் தகடு நசுங்கிவிடும்.

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக் கொடுக்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வரை வெப்பம் தரும்; மேகம் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் இடம் மிச்சமாகும் என்று அதைச் சிறிய பூட்டிய அறைக்குள் வைத்தால், தான் வெளியேற்றும் குளிர்காற்றையே மறுபடியும் இழுத்துத் திணறும். உறைபனிக் காலத்தில் விடியற்காலையில் ஓட்டினால் அதன் சுருளில் பனி கட்டும் என்பதால், நடுப்பகலில் ஓட்டுவதே முறை. கூரையில் ஏற்கெனவே மின்சார சோலார் தகடு இருப்பவர்களுக்கு இது நல்ல துணை.

மலையில் இன்னமும் பல வீடுகளில் செம்பு பாய்லரும் விறகும்தான். விறகும் புதுப்பிக்கத்தக்க எரிபொருளே, அது காய்ந்திருந்தால். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர் என்பதால், எரியும்போது வெப்பத்தின் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், புகையும் கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். ஜூலைக்கான விறகை பிப்ரவரி வெயிலிலேயே பிளந்து, கூரையடியில் காற்றோட்டமாக அடுக்கிவிட வேண்டும். மழைக்குப் பயந்து பாய்லரைக் குளியலறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, மயங்கி விழும் வரை உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியவும் செய்யாது.