'அடுத்த புதன்கிழமை வா': வீடற்ற பூர்வகுடி இளைஞர்களிடையே எச்.ஐ.வி பணி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் தங்கும் விடுதிகளுக்கும் தெருமுனைகளுக்கும் எச்.ஐ.வி பணிக்காகப் புதிதாக வரும் செவிலியர்களும் தொண்டர்களும், முன்னால் வந்தவர்கள் கைசுட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் கை வைக்கிறார்கள். கையுறை போடு, ஊசியைப் பெட்டியில் போடு என்பதையெல்லாம் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே அவை வேண்டாம்.

நடைபாதையில் தேடுவது

வீடற்ற இளைஞர்களில் பலர் நடைபாதையில் படுப்பதில்லை. இரண்டு நாள் சிநேகிதன் வீட்டு சோபா, மூன்று நாள் அத்தை வீடு, பிறகு விடுதி, பிறகு வாகனம் என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி, கனடாவில் வளர்ப்புப் பராமரிப்பில் (அரசு ஏற்பாட்டில் வேறொரு குடும்பத்தில்) இருக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேர் பூர்வகுடியினர். நாட்டு மக்கள்தொகையிலோ பூர்வகுடியினரின் பங்கு 5 சதவீதம்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பராமரிப்பு முடியும்போது திரும்பிப் போக வீடு இல்லாமல் வெளியே வருபவர்கள் இவர்களில் நிறைய. நூலகம், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெதடோன் தரும் மருந்தகம், உணவு வழங்கும் இடம் ஆகியவற்றில் நின்றால்தான் இவர்களைப் பார்க்க முடியும்.

வண்டியில் உறைந்த கிட்

இன்ஸ்டி என்ற எச்.ஐ.வி விரைவுப் பரிசோதனைக் கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சஸ்கடூனில் ஜனவரி இரவு வண்டியில் விட்டுவிட்டால் காலையில் அது குப்பைக்குத்தான். கிட்டை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள்.

விரலும் அப்படித்தான். குளிரில் விறைத்த விரலைக் குத்தினால் ரத்தம் வராது. பிதுக்கிப் பிதுக்கிப் பாதி அளவு எடுப்பார்கள். தேவையோ 50 மைக்ரோலிட்டர். பரிசோதனை சரியாக நடந்ததைக் காட்டும் அந்தக் கிட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளி, எல்லோர் ரத்தத்திலும் இருக்கும் சாதாரண ஆன்டிபாடியைப் பிடித்துத்தான் நிறம் காட்டும். ரத்தம் குறைந்தால் அந்தப் புள்ளியே வராது, பரிசோதனை செல்லாது. இரண்டாவது முறை குத்த அந்தப் பையன் விரல் நீட்டுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சூடான காப்பிக் குவளையைக் கையில் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள்.

'அடுத்த புதன்கிழமை வா'

எரிச்சலூட்டும் தவறு இதுதான். விலை அதிகமும் இதற்குத்தான்.

ஒரு பெண்ணின் பரிசோதனையில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன, அதாவது எச்.ஐ.வி இருக்கக்கூடும். புதியவர் மென்மையாகப் பேசுகிறார், கைக்குட்டை தருகிறார், பிறகு ஒரு சீட்டில் மருத்துவமனையின் முகவரியையும் தேதியையும் எழுதிக் கொடுக்கிறார். முடிந்தது. அந்தப் பெண்ணை அடுத்து யாராவது பார்ப்பது எட்டு மாதம் கழித்து, நிமோனியாவோடு. 'வரச் சொன்னோம், வரவில்லை' என்று கோப்பில் இருக்கும்.

ஏன் வரவில்லை? காலையில் விடுதி மூட்டைமுடிச்சோடு வெளியே அனுப்பிவிடும். பையை விட்டுப் போனால் திருட்டு, மாலையில் தாமதமாக வந்தால் படுக்கை போய்விடும். கையில் குழந்தை இருந்தால், நோய் தெரிந்ததும் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அது கற்பனையான பயமல்ல. பிரசவத்துக்கு முன்பே தாயைப் பற்றி மருத்துவமனைக்குக் குழந்தைகள் நலத்துறை எச்சரிக்கை அனுப்பும் வழக்கத்தை சஸ்காச்சுவான் மாகாணம் 2021-இல்தான் நிறுத்தியது. மருத்துவமனை என்றாலே 2008-இல் வினிபெக் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 34 மணி நேரம் கவனிப்பாரற்றுக் கிடந்து இறந்த பூர்வகுடியினரான பிரையன் சின்க்ளேர் நினைவுக்கு வருவார். அவருக்கு இருந்தது குணப்படுத்தக்கூடிய தொற்று. குடித்துவிட்டுக் கிடக்கிறார், ஒதுங்க வந்திருக்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. இந்த நினைவோடு வாழ்பவரிடம் நீங்கள் ஒரு சீட்டை நீட்டுகிறீர்கள்.

சீட்டுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இது. விரைவுப் பரிசோதனை முதற்கட்டம்தான். உறுதிப்படுத்தும் ரத்தத்தை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுங்கள். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரஸ் அளவு, மருந்து எதிர்ப்பு, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், சிறுநீரகச் செயல்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் குழாய்களை நிரப்புங்கள். ஊசி போட்டுப் போட்டு நரம்பு மறைந்திருந்தால் எந்த நரம்பு கிடைக்கும் என்று அவரையே கேளுங்கள். உங்களைவிட அவருக்குத் தெரியும். வைரஸ் அளவுக்கு எடுத்த ரத்தத்திலிருந்து பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் முன் ஆய்வகம் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்தும் அன்றே. தொலைபேசியில் மருத்துவரின் ஒப்புதலோடு முதல் சில நாட்களுக்கான மாத்திரையைக் கையிலேயே கொடுக்கலாம். காசநோய் அறிகுறி, கழுத்து விறைப்போடு தலைவலி இருந்தால் மட்டும் நிறுத்தி முதலில் அதைப் பாருங்கள். மெதடோன் எடுப்பவராக இருந்தால் எச்.ஐ.வி மாத்திரையையும் அதே மருந்தகத்தில், அதே வேளையில் தரச் சொல்லுங்கள். பையில் கிலுகிலுக்கும் மாத்திரைக் குப்பி விடுதியில் ஒரே இரவில் காணாமல் போகும், ரகசியமும் அதோடு போகும்.

கடைசியாக, ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் வாங்காதீர்கள். அந்தத் தொலைபேசி அடுத்த வாரம் வேறொருவர் கையில் இருக்கும். மூன்று வழி வேண்டும்: நூலகக் கணினியில் திறக்கும் பேஸ்புக் கணக்கு, கோக்கம் என்று க்ரீ மொழியில் அழைக்கும் பாட்டி அல்லது ஒரு அத்தை, வழக்கமாகச் சாப்பிடும் இடம். ஒவ்வொருவரிடமும் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி மட்டும் கொடுப்பது

போதை ஊசி போடுபவர்கள் ஊசியோடு கரைக்கும் கிண்ணம், வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் இவற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். கிண்ணத்தில் மிஞ்சும் ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலிநிவாரணி மாத்திரையின் கசடைச் சேமித்துப் பிறகு போடுவதும் உண்டு. மெதுவாகக் கரையும் அந்த மாத்திரையின் சேர்மானங்கள் கசடில் எச்.ஐ.வி வைரஸை உயிரோடு வைத்திருக்கின்றன என்று ஒன்டாரியோவின் லண்டன் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். கசடைப் போடும் முன் குமிழி வரும்வரை, ஏறத்தாழ பத்து நொடி, சூடாக்கினால் வைரஸ் செத்துவிடும். ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள், இதையும் சொல்லிக்கொடுங்கள்.

'நெகட்டிவ், போகலாம்'

மூன்று மாதத்துக்குள் ஏற்பட்ட தொற்று இந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். கடந்த 72 மணி நேரத்துக்குள் தொற்று வரக்கூடிய ஏதாவது (ஊசியைப் பகிர்ந்தது, பாதுகாப்பற்ற உறவு) நடந்ததா என்று கேளுங்கள்; நடந்திருந்தால் 28 நாள் தடுப்பு மருந்து உடனே தொடங்க வேண்டும். இல்லையென்றால் தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மருந்து பற்றிப் பேசுங்கள்.

எல்லோருக்கும் ஒரே காப்பீடு

மருந்துச் செலவை ஏற்கும் கூட்டரசின் என்.ஐ.எச்.பி திட்டம் பதிவு பெற்ற ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களுக்கும் இனூயிட்டுகளுக்கும்தான். மற்றொரு பூர்வகுடிப் பிரிவான மேட்டீ இளைஞருக்கு மாகாணத் திட்டத்தைத் தேடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சடங்கு

நறுமணப் புல்லைக் கொளுத்திப் புகை காட்டுவது இனூயிட்டுகளின் வழக்கமான சடங்கு அல்ல; இனூயிட் பிள்ளையிடம் அதைச் செய்யாதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.