லெப்டொப்பைக் கைமாற்றும் முன் முழுமையாக அழிப்பது எப்படி?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய லெப்டொப் பெரும்பாலும் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைக்குத்தான் போகும். யாருக்குக் கொடுத்தாலும் உங்கள் அடையாள அட்டை ஸ்கேனும் வங்கிப் பாஸ்வேர்டும் கூடவே போகக் கூடாது. பைல்களை டிலீட் செய்வது மட்டும் போதாது. ஹார்ட் டிஸ்க்கில் இலவச மென்பொருளாலேயே அவற்றை மீட்டுவிடலாம்.

தேவையானதை வெளி டிரைவில் நகலெடுங்கள். அது வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அழிக்கத் தொடங்குங்கள்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீசெட் பிசி என்று போய் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுங்கள். அடுத்து ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’. ‘கிளவுட் டவுன்லோட்’ 4 ஜிபிக்கு மேல் டேட்டாவை இழுத்துவிடும். பிறகு வரும் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’தான் பலரும் தவறவிடும் இடம். அங்கே ‘கிளீன் டேட்டா’வை ‘யெஸ்’ ஆக்குங்கள். டி டிரைவ் இருந்தால் எல்லா டிரைவ்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அதிலுள்ள படங்கள் அப்படியே இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் இந்த அழிப்பு பல மணி நேரம் ஓடும். சார்ஜரைக் கழற்ற வேண்டாம். பேட்டரி செத்த லெப்டொப்பை அடைமழை நாளில் தொடவே வேண்டாம்: மரம் விழுந்து கரண்ட் போனால், பாதியில் நின்று விண்டோஸ் கிளம்பாமலே போகலாம்.

அழித்து முடிந்து, எந்த நாடு என்று கேட்கும் திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். பிறகு போனிலிருந்து உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, சாதனப் பட்டியலில் அந்த லெப்டொப்பை நீக்குங்கள்.