பீங்கான் டாங்கி வாங்கும் முன்

முதல் உலகப் போர்க் காலப் பொருட்கள், பழைய பீங்கான் இரண்டின் மீதும் ஆசை உள்ளவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பட்டறைகள் செய்த குட்டி டாங்கிகள் நல்ல விருந்து. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பீங்கான், மேலே ஏதோ ஓர் ஊரின் வண்ணச் சின்னம். 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய டாங்கியின் உருவம்தான் அது.

கையில் எடுத்ததும் பீரங்கிக் குழாய்களையும், இருந்தால் பின்பக்கச் சக்கரங்களையும் பாருங்கள். உடைவது அங்கேதான். ஒட்டிப் பெயின்ட் பூசியும் விற்பார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பூசிய இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் தெரியும். டார்ச் இல்லையா? விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். ஜில்லென்று வழுக்கிக்கொண்டே வந்த பரப்பு, பெயின்ட் உள்ள இடத்தில் கொஞ்சம் மந்தமாகப் படும்.

அடியில் செய்த பட்டறையின் முத்திரை இல்லாத டாங்கிகளும் உண்டு. அதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, வாங்கியாயிற்று. கழுவும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். சின்னத்தின் வண்ணமும் தங்கக் கோடும் பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டியவை. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் போச்சு. எந்த ஊரில் விற்ற நினைவுப்பொருள் என்று சொல்வதே அந்தச் சின்னம்தானே! வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். தங்கக் கோட்டைத் தேய்க்கவே வேண்டாம். ஒட்டுப் போட்ட டாங்கியைத் தண்ணீரில் முக்காமல், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர விடுங்கள்.