ஆர்சி பிளேன் பழகறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்: நம்ம வடசென்னை ஆளுங்களுக்கு

ஆர்சி பிளேன் (ரிமோட்ல பறக்க விடற குட்டி விமானம்) ஹாபியை பாதில விட்டவங்ககிட்ட ஏன்னு கேட்டுப் பாருங்க, முக்காவாசி பேர் ஒரே கதைதான் சொல்வாங்க, "முத நாளே உடைஞ்சிடுச்சு, அதோட பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்". காசு போச்சேன்ற கடுப்பு ஒரு பக்கம், இதெல்லாம் நமக்கு வராதுன்ற நினைப்பு இன்னொரு பக்கம். ஆனா கிட்ட இருந்து பார்த்தா அந்த முத நாள் கிராஷுக்கு காரணம் பெரும்பாலும் வீட்டுலயே ஆரம்பிச்சிருக்கும். தப்பான பிளேன் வாங்கியிருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி செக் பண்ணியிருக்க மாட்டாங்க, தப்பான நேரத்துல தப்பான கிரவுண்டுக்கு போயிருப்பாங்க. கை பழகறதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதை யாரும் சுருக்க முடியாது, ஆனா இந்த மத்ததெல்லாம் இன்னிக்கே சரி பண்ணிக்கலாம், அதான் இவ்ளோ விலாவாரியா எழுதறேன்.

முதல்ல பிளேன். எல்லாருக்கும் ஃபைட்டர் ஜெட் மாதிரி, ரெண்டாம் உலகப்போர் பிளேன் மாதிரி ஒண்ணு வேணும். பாக்க சூப்பரா இருக்கும், ஆனா அதெல்லாம் வேகமா போனாதான் காத்துல நிக்கும், வேகம் குறைஞ்சா டக்குனு ஒரு பக்கம் சாஞ்சு விழுந்துடும், புதுசா பழகறவங்களுக்கு யோசிக்கவே டைம் தராது. முத பிளேன் கண்டிப்பா ஹை விங் ட்ரெயினரா இருக்கணும், அதாவது ரெக்கை பாடிக்கு மேல உக்காந்திருக்கணும், ரெக்கை ரெண்டு பக்கமும் நுனி லேசா மேல தூக்கின மாதிரி இருந்தா இன்னும் நல்லது, ஸ்டிக்கை விட்டா அதுவா நேராக பாக்கும். ரெக்கை நுனிக்கு நுனி ஒரு மீட்டர்ல இருந்து 1.2 மீட்டர் வரைக்கும், ஈபிபி இல்லைன்னா ஈபிஓன்னு சொல்ற, சீக்கிரம் உடையாத ஃபோம், மோட்டார் பின்னாடி பக்கம் பார்த்த மாதிரி இருந்தா மூக்கு குத்தினாலும் ப்ராப் (மோட்டார்ல சுத்தற விசிறி) உடையாது. ரெக்கையை ரப்பர் பேண்ட் போட்டு கட்டற மாடலை பழசுன்னு ஒதுக்காதீங்க, இடிச்சா ரப்பர் விட்டுக்கொடுக்கும், ரெக்கை தப்பிச்சிடும். பைக் பின்னாடி உக்காந்து எடுத்துட்டு போறதுக்கும், கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல ஏத்திட்டு போறதுக்கும் அதான் வசதி. என்ன ஒண்ணு, வெயில்ல ரப்பர் இத்துப் போயிடும், ஒவ்வொரு தடவையும் புதுசா போடுங்க.

சொந்தமா செய்யறேன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்தற போர்டு), சர்வோ (ரெக்கை, வால் தகடுகளை அசைக்கற குட்டி மோட்டார்) எல்லாம் தனித்தனியா வாங்கறவங்க நிறைய. நல்ல விஷயம்தான், செலவும் குறையும், உடைஞ்சா பயமும் இருக்காது. ஆனா மோட்டார்ல போட்டிருக்கற கேவி நம்பரை (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்றதை) கவனிக்காம கைக்கு கிடைச்ச ப்ராப்பை மாட்டாதீங்க. 1000 கேவி மோட்டாருக்கு சரியா இருக்கற 10 இன்ச் ப்ராப்பை 1400 கேவி மோட்டார்ல மாட்டி 3 செல் பேட்டரி குடுத்தா கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும், 30 ஆம்ப் ஈஎஸ்சி புகைஞ்சிடும். 1400 கேவிக்கு 8 இன்ச் பக்கம்தான் போகணும். ப்ராப்ல எழுத்து இருக்கற பக்கம் பிளேன் போற திசையை பார்க்கணும், திருப்பி மாட்டினா சத்தம் வரும், ஆனா இழுவை ரொம்ப குறைஞ்சிடும். அப்புறம் தெர்மாகோல் ரெக்கைல ஃபெவிக்விக் ஊத்திடாதீங்க, அப்படியே அரிச்சு குழி பண்ணிடும், ஹாட் க்ளூ போதும்.

சிமுலேட்டரை கேம்னு நினைச்சு ஒதுக்கறதும் பெரிய தப்பு. போன்லயே ஓடற பிகாசிம் இருக்கு, கம்ப்யூட்டர் இருந்தா உங்க ரிமோட்டையே கேபிள் போட்டு கனெக்ட் பண்ணிக்கலாம். டெய்லி கொஞ்ச நேரம், அதுவும் பிளேன் நம்மள பார்த்து வர்றதை மட்டும் திரும்பத் திரும்ப பண்ணுங்க. ஏன்னா பிளேன் நம்ம பக்கம் மூக்கை திருப்பின உடனே இடது வலது மாறிடுது, அங்கதான் எல்லாரும் திணறுவாங்க. அதுக்கு ஒரு வழி, உங்கள பார்த்து வர்றப்போ எந்த ரெக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே ஸ்டிக்கை தள்ளுங்க, ரெக்கை தூக்கிடும். இது மனசுல யோசிச்சு பண்ற விஷயமா இருக்கறவரைக்கும் கிரவுண்டுக்கு போகாதீங்க, விரல் தானா போகணும்.

இப்போ வீட்டுல பண்ண வேண்டிய செக். மீஞ்சூர் தாண்டி ஒரு காலி மனைல ஒரு காலேஜ் பையன் புது பிளேனோட வந்தான். "தம்பி, கன்ட்ரோல் எல்லாம் செக் பண்ணியா?"ன்னு கேட்டேன். "பண்ணேண்ணா, எல்லாமே ஆடுதுண்ணா"ன்னு சொன்னான். ஃப்ரெண்டு தூக்கி வீசினான், பிளேன் லேசா இடது பக்கம் சாஞ்சுது, இவன் வலது குடுத்தான், இன்னும் இடது சாஞ்சுது, பயந்துபோய் முழு வலது குடுத்தான், மல்லாந்து நேரா மண்ணுல சொருகிடுச்சு. ஐலரான், அதாவது ரெக்கையோட பின் விளிம்புல ஆடற தகடு, ரிவர்ஸ்ல இருந்துச்சு. ஆடுதான்னு பார்த்தவன் எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாக்கல. ரிமோட்ல ஒரு மெனு, ஒரு பட்டன், அவ்ளோதான் வேலை. அதனால பிளேனுக்கு பின்னாடி நின்னுக்கோங்க, ஸ்டிக்கை வலது தள்ளினா வலது ரெக்கைல இருக்கற ஐலரான் மேல போகணும், இடது கீழ வரணும். எலவேட்டர் ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா வால் தகடு மேல தூக்கணும். ரட்டர் (வால்ல செங்குத்தா நிக்கற தகடு) வலது குடுத்தா வலது பக்கம் திரும்பணும். ஒவ்வொரு தடவை பேட்டரி மாட்டறப்பவும் இதை பாருங்க, நேத்து சரியா இருந்துச்சேன்னு விடாதீங்க.

அடுத்தது சிஜி, பேலன்ஸ் பாயிண்ட். பேட்டரியெல்லாம் உள்ள வெச்சு பறக்கற மாதிரியே ரெடி பண்ணிட்டு, ரெண்டு ஆள்காட்டி விரலையும் ரெக்கைக்கு அடியில, முன் விளிம்புல இருந்து ரெக்கை அகலத்துல கால்வாசிலேருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள வெச்சு தூக்குங்க. ரெக்கை அகலம் 18 சென்டிமீட்டர்னா முன் விளிம்புல இருந்து 4.5ல இருந்து 6 சென்டிமீட்டருக்குள்ள. மேனுவல்ல நம்பர் போட்டிருந்தா அதையே வெச்சுக்கோங்க. பிளேன் சமமா நிக்கணும், இல்ல மூக்கு லேசா தாழணும். வால் தாழுதுன்னா அன்னிக்கு பறக்க விடாதீங்க, பேட்டரியை முன்னாடி தள்ளி வெச்சு சரி பண்ணிட்டு அப்புறம் பாருங்க. மூக்கு கொஞ்சம் வெயிட்டா இருந்தா மந்தமா பறக்கும், ஆனா வீட்டுக்கு முழுசா வந்துடும், வால் வெயிட்டா இருந்தா எவ்ளோ அனுபவசாலி கையில குடுத்தாலும் அடங்காது.

ஃபெயில்சேஃபை நிறைய பேர் தொடறதே இல்ல. சிக்னல் கட் ஆனா மோட்டார் நிக்கற மாதிரி செட் பண்ணணும். ப்ராப்பை கழட்டிட்டு மோட்டாரை லேசா ஓட விட்டு ரிமோட்டை ஆஃப் பண்ணிப் பாருங்க, மோட்டார் நிக்கலைன்னா ஃபெயில்சேஃப் செட் ஆகலைன்னு அர்த்தம். டெஸ்ட் முடிஞ்சதும் வழக்கமான ஆர்டரை மறக்காதீங்க, ஆன் பண்றப்போ ரிமோட் முதல்ல, ஆஃப் பண்றப்போ ரிமோட் கடைசில. வீட்டுக்குள்ள எந்த டெஸ்ட்டா இருந்தாலும் ப்ராப் மாட்டி பண்ணாதீங்க, சின்ன பசங்க இருக்கற வீட்டுல சொல்லவே வேணாம், அது விரலை எடுத்துடும்.

இனி இடம், இதுலதான் நம்ம ஏரியாவுக்குன்னு தனியா நிறைய இருக்கு. திருவொற்றியூர், எண்ணூர் பீச் காலியா இருக்கேன்னு தோணும், ஆனா அங்க முக்கால்வாசி இடத்துல கருங்கல் கொட்டியிருக்கு, மணல் இருக்கற இடத்துல விழுந்தா மோட்டார், சர்வோ பல்சக்கரம் எல்லாத்துலயும் மணல் ஏறிடும், காலைல நிலத்துல இருந்து கடல் பக்கம் காத்து அடிச்சா பிளேன் உள்ள போயிடும், திரும்பி வராது. துறைமுகம், மணலி ரிஃபைனரி, அத்திப்பட்டு அனல் மின் நிலையம் பக்கமெல்லாம் விளையாட்டுக்குக்கூட எடுத்துட்டு போகாதீங்க. 2021 ட்ரோன் விதிகள் நம்ம மாடல் பிளேனுக்கும் பொருந்தும், 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ கேட்டகிரி, ஹாபிக்கு விடறதுக்கு பைலட் லைசென்ஸ் வேணாம், ஆனா ரெட் ஜோன்ல (பறக்க தடை இருக்கற பகுதில) மத்திய அரசு பர்மிஷன் இல்லாம விடவே கூடாது, க்ரீன் ஜோன்ல 400 அடிக்கு மேல போகக்கூடாது. டிஜிட்டல் ஸ்கைன்ற அரசோட ட்ரோன் வெப்சைட் மேப்ல நீங்க போற இடத்தை பார்த்துட்டு கிளம்புங்க. இடத்துக்கு சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லி வெச்சா இன்னும் நல்லது.

கிரவுண்டுக்கு போனதும் முதல்ல மேல பாருங்க. மீஞ்சூர், மணலி பக்கம் ஹைடென்ஷன் லைன் குறுக்கும் நெடுக்குமா போகுது, தூரத்துல இருந்து பாக்கறப்போ கம்பி கண்ணுக்கே தெரியாது, டவரை வெச்சுதான் கணக்கு பண்ணணும். லைன்ல மாட்டிக்கிச்சுன்னா பிளேன் போனது போனதுதான், கொம்பு எடுத்துட்டு கிட்ட போயிடாதீங்க, உயிரு போயிடும். பட்டம் சீசன்ல வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்து கிரவுண்டெல்லாம் வேணாம், ப்ராப்ல நூல் சுத்திக்கிட்டா மோட்டார் நின்னுடும், தடை பண்ண மாஞ்சாவை இன்னும் சிலர் திருட்டுத்தனமா விடறாங்க, கையை அறுத்துடும். கொடுங்கையூர் பக்கம் பருந்து கூட்டமா வட்டம் போடும், அதுங்க நடுவுல போய் நுழையறது நமக்கும் ஆபத்து, அதுங்களுக்கும் பாவம்.

நேரம் காலைல ஆறுல இருந்து எட்டுக்குள்ள. அப்புறம் வெயில் ஏற ஏற காத்து எழும்பும், மதியம் பக்கம் கடல்காத்து உள்ள வந்துடும், எழுநூறு எண்ணூறு கிராம் ஃபோம் பிளேனை அது தூக்கி அடிச்சிடும். காலைல சூரியன் கிழக்குல இருக்கறதால முதுகை கிழக்கு பக்கம் வெச்சு நில்லுங்க, சூரியனுக்கு குறுக்க பிளேன் போச்சுன்னா ரெண்டு செகண்ட் கண்ணு தெரியாது, அந்த ரெண்டு செகண்ட் போதும் விழறதுக்கு.

தூக்கி வீசறப்போ காத்துக்கு எதிரா, மூக்கு சமமா, ஈட்டி மாதிரி நேரா விடணும். வானத்தை பார்த்து வீசறவங்கதான் அதிகம், வேகம் இல்லாம மூக்கு தூக்கினா ஸ்டால் ஆகும், அதாவது ரெக்கைக்கு மேல ஓடற காத்து பிரிஞ்சு தூக்கற சக்தி போயிடும், ஒரு பக்கம் சாஞ்சு விழும். அப்படி ஆகறப்போ எல்லாருமே பயத்துல ஸ்டிக்கை இன்னும் இழுப்பாங்க, அது இன்னும் மோசமாக்கும். எலவேட்டரை விடுங்க, த்ராட்டில் (மோட்டார் வேகம்) குடுங்க, வேகம் வந்ததும் மெல்ல இழுங்க. அதுக்கு கீழ இடம் வேணும், அதனால ஏறின உடனே வளைக்காம நேரா போயிட்டே மெல்ல மெல்ல உயரம் ஏத்துங்க, ரெண்டு தென்னை மரம் உயரம் வந்தப்புறம் திருப்பலாம். தரையை ஒட்டி ஓட்டினா பயம் கம்மியா இருக்கும்னு தோணும், ஆனா உயரத்துலதான் தப்பை திருத்த டைம் கிடைக்கும்.

ஸ்டிக்கை மூலை வரைக்கும் தள்ளாதீங்க, ரிமோட்ல டூயல் ரேட் (தகடுங்க எவ்ளோ தூரம் அசையணும்ன்ற அளவு) குறைச்சு, எக்ஸ்போன்ற செட்டிங்கை ஒரு 30 சதவீதம் வெச்சுக்கிட்டா நடுவுல மென்மையா இருக்கும். இறக்கறப்பவும் காத்துக்கு எதிரா வாங்க. கிட்ட வர்றப்போ தூரம் பத்தாதுன்னு எலவேட்டரை இழுத்து இழுத்து நீட்டாதீங்க, கொஞ்சம் த்ராட்டில் குடுங்க, இல்லைன்னா முன்னாடியே புல்லுல இறக்கிட்டு நடந்து போய் எடுத்துக்கோங்க.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி விஷயத்துல தயவுசெஞ்சு அலட்சியம் வேணாம். ஃபுல்லா ஒரு செல் 4.2 வோல்ட், இறங்கினப்புறம் 3.6க்கு கீழ போயிருக்கக் கூடாது. 2200 எம்ஏஎச் பேட்டரில சராசரியா 15 ஆம்ப் இழுத்தா 80 சதவீதம் காலியாக ஏழு நிமிஷம், அதனால ரிமோட்ல டைமரை அஞ்சு நிமிஷம்னு வெச்சுட்டு இறக்கிடுங்க. பேலன்ஸ் சார்ஜர்லதான் (எல்லா செல்லையும் சமமா ஏத்தற சார்ஜர்) போடணும், 2200க்கு 2.2 ஆம்ப் போதும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் சின்ன வீடுங்க, கட்டிலுக்கு அடியில சார்ஜ் போட்டுட்டு தூங்கறவங்க இருக்காங்க, அது தீப்பிடிச்சா தண்ணி ஊத்தினாலும் சுலபத்துல அடங்காது, ஒரே அறைல குடும்பமே இருக்கும். மொட்டை மாடில நிழல்ல, இல்ல தரைல டைல்ஸ் மேல, பக்கத்துல எரியற பொருள் எதுவும் இல்லாம, நீங்க கண்ணு முழிச்சு பக்கத்துல இருக்கறப்போ மட்டும் போடுங்க. பறக்க விடாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வெச்சிருங்க, ஃபுல் சார்ஜோட வாரக்கணக்குல வெச்சா உப்பிடும். வெயில்ல நிக்கற ஸ்கூட்டர் டிக்கில விட்டுட்டு போகாதீங்க.

விழுந்தா, விழும், எல்லாருக்கும் விழும், உடனே எடுத்து மறுபடி வீசாதீங்க. முதல்ல பேட்டரியை கழட்டி உப்பியிருக்கா, சூடா இருக்கான்னு பாருங்க, உப்பியிருந்தா அதை திரும்ப யூஸ் பண்ணவே கூடாது, வீட்டுக்குள்ள எடுத்துட்டு போகாம வெளியவே வெச்சு இ-வேஸ்ட்ல குடுத்துடுங்க. ப்ராப்ல சின்ன கீறல் இருந்தாலும் மாத்துங்க, வேகமா சுத்தறப்போ துண்டா பறந்து மூஞ்சில அடிக்கும். மோட்டார் மவுண்ட் நேரா இருக்கா, சர்வோ முழுசா ஓடுதா, ரெக்கை உக்கார்ற இடத்துல விரிசல் விட்டிருக்கா, எல்லாத்தையும் கையால தடவிப் பாருங்க. கடல் பக்கம் பறக்க விட்டிருந்தா வீட்டுக்கு வந்து மோட்டார் பேரிங்ல ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்க, கனெக்டரை காய்ஞ்ச துணியால துடைங்க, நம்ம ஊர் உப்புக்காத்து ஒரு மழைக்காலத்துலயே ஸ்க்ரூவையெல்லாம் துரு ஏத்திடும்.